ஐந்து லட்ச ரூபாய் சாமானுக்கு எந்தப் பை?

மும்பையில் நம்மவர் வீட்டுக் கல்யாணம் மாட்டுங்காவில் நடந்தாலும் சரி, முலுண்டிலோ டோம்பிவிலியிலோ நடந்தாலும் சரி, மண்டபத்துக்கு முதலில் வந்து சேருகிறவர்களில் ஒருவர் போட்டோகிராபர். ஆறு மணி முகூர்த்தத்துக்கு அவர் நான்கு மணி லோக்கலைப் பிடித்தாக வேண்டும். முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, கையில் டிரைபாட் ஸ்டாண்டு. அந்த முதுகுப் பைக்குள் இருப்பதுதான் அவருடைய கடை, பட்டறை, முதலீடு எல்லாம். அநேகம் பேருக்கு அது இன்னும் தவணை கட்டி முடியாத முதலீடு.

இரண்டு காமிரா, மூன்று லென்ஸ், ஒரு ஜோடி பிளாஷ், பாட்டரிகள், கார்டுகள் என்று கணக்குப் போட்டால் நான்கு லட்சம், ஐந்து லட்சம் என்று எளிதில் எகிறிவிடுகிறது. காமிரா வாங்குவதற்கு முன் ஆறு மாதம் விசாரிக்கிறார்கள். நண்பர்களிடம் இரவல் வாங்கிப் பார்க்கிறார்கள். கோட்டைப் பகுதியில் போரா பஜார் தெருவிலும் டி.என். ரோடிலும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். பை விஷயம் வரும்போது மட்டும், குழந்தைக்குப் பள்ளிக்கூடப் பை வாங்குகிற அளவு யோசனைகூட இருப்பதில்லை. காமிராவோடு கடைக்காரர் சும்மா கொடுத்த பையே போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

தாராவியில் வசிக்கும் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவரும் அப்படித்தான் இருந்தார். தாதர் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது பையின் தோள்வார் தையலோடு பிய்ந்தது. பை நான்கைந்து படி உருண்டது. காமிராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் மாட்டியிருந்த பெரிய லென்ஸின் பின்வளையம் கோணிவிட்டது. ரிப்பேருக்குப் போன லென்ஸ் திரும்பி வரும்வரை முகூர்த்தங்களுக்கு வாடகை லென்ஸ். அந்த மாதத் தவணைக்கு மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. பிய்ந்தது சாண் நீள நைலான் வார். அதைப் பிடித்திருந்தது ஒற்றைத் தையல்.

காமிராவும் காசும் அடிபட்டாலாவது ஈடு கட்டலாம். பைக்குள் இருக்கும் கார்டில் ஒரு குடும்பத்தின் கல்யாணம் இருக்கிறது. அதை இன்னொரு முறை நடத்திக் காட்டச் சொல்ல முடியாது.

எடை என்ன என்று தெரியுமா?

நல்ல பை எது என்று கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, தூக்கப் போகும் எடை என்ன என்பது. தொழில் செய்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பையை ஒருமுறைகூடத் தராசில் வைத்துப் பார்த்ததில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு: கேனன் 5டி மார்க் 4 காமிரா பாட்டரியோடு சுமார் 890 கிராம். இரண்டு என்றால் 1,780. கல்யாண வேலையில் தவிர்க்க முடியாத 24-70 லென்ஸ் 800 கிராம். 70-200 லென்ஸ் ஒன்றரை கிலோ. மண்டபம் முழுவதையும் அடக்கும் அகல லென்ஸ் அரை கிலோவுக்கு மேல். இரண்டு பிளாஷும் பாட்டரி போட்டால் ஒரு கிலோ. சார்ஜர், மாற்று பாட்டரிகள், வயர், சிறிய விளக்கு, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்தால் ஏழு கிலோவை ஒட்டி வந்துவிடும். இதன் மேல் பையின் சொந்த எடை வேறு. தடித்த பஞ்சு வைத்த பெரிய முதுகுப் பைகள் வெறுமையாகவே இரண்டு கிலோ, இரண்டரை கிலோ இருக்கும். ஆக, தோளில் ஏறுவது ஒன்பது கிலோ.

கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் காமிராவுக்கு மாறினவர்களுக்குக் கொஞ்சம் விமோசனம் உண்டு. சோனி ஏ7 மூன்றாம் மாடல் 650 கிராம்தான். அதே கம்பெனியின் 70-200 லென்ஸ் இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். இரண்டு காமிராவிலும் அந்த ஒரு லென்ஸிலும் மட்டுமே 900 கிராமுக்கு மேல் குறைகிறது. அப்படி மாறினவர்கள் பழைய பெரிய பையையே வைத்துக்கொண்டிருப்பது தவறு. பையில் இடம் காலியாக இருந்தால் அங்கே ஏதாவது சாமான் ஏறிக்கொள்ளும். ஏறாவிட்டால் உள்ளே இருப்பது உருண்டு ஒன்றோடொன்று மோதும்.

இருக்கிற சாமான், அதோடு இன்னும் ஒரு லென்ஸுக்கு இடம் - அதற்கு மேல் பெரிய பை வேண்டியதில்லை.

ஒற்றைத் தோளா, முதுகா?

ஸ்டேஷனில் போர்ட்டர்கள் பெட்டியைத் தலையில் வைத்துத்தான் தூக்குகிறார்கள். நாற்பது கிலோவானாலும் சுமை முதுகெலும்பின் நேர்கோட்டில் இறங்குகிறது. அதே மனிதரிடம் பத்துக் கிலோப் பையை ஒரு தோளில் மாட்டிப் பிளாட்பாரம் முழுக்க நடக்கச் சொன்னால் முகம் சுளிப்பார். ஒற்றைத் தோள் பையின் குறை இதுதான். ஏழெட்டுக் கிலோவைப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே தோளில் மாட்டியிருந்தால் உடம்பு மறுபக்கம் வளைந்து ஈடு கொடுக்கிறது. நாற்பது வயதில் கழுத்துவலி என்று சயான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

ஆனால் ஒற்றைத் தோள் பைக்கு ஒரு சிறப்பு உண்டு. வேலை நடக்கும்போது இடுப்போரம் தொங்கும். மூடியைத் தூக்கினால் லென்ஸ் கைக்கு வரும். முதுகுப் பையைக் கழற்றிக் கீழே வைத்து ஜிப்பைத் திறப்பதற்குள் மாலை மாற்றி முடிந்துவிடும்.

பத்திரிகை போட்டோகிராபர்கள் தோள் பையை விடாமல் பிடித்திருந்ததற்கு இதுவே காரணம். அமெரிக்காவில் பிலடெல்பியா இன்குயரர் பத்திரிகையின் போட்டோகிராபர் ஜிம் டோம்கே, அந்தக் காலத்து விறைப்பான பெட்டிப் பைகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 1970களின் நடுவில் தமக்கென்று ஒரு சாதாரண கான்வாஸ் பையை வடிவமைத்துத் தைக்கச் சொன்னார். கூட வேலை பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். அதுவே பின்னர் தொழிலாயிற்று. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் கதை இன்னும் வேடிக்கை. 1973-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி தைத்தது மீன்பிடிப்பவர்களுக்கான பை. அவற்றை நியூயார்க்கில் போட்டோகிராபர்கள் வாங்கிக் காமிரா வைத்துக்கொள்கிறார்கள் என்பது 1970களின் கடைசியில்தான் அவர்களுக்கே தெரிய வந்தது. உடனே மீன் பையை விட்டுக் காமிராப் பைக்கு மாறினார்கள். இரண்டு கதையிலும் பையைத் தேர்ந்தெடுத்தது தெருவில் வேலை செய்த ஆள்தான்.

நம் நாட்டில் யாஷிகா காமிராவும் மெட்ஸ் பிளாஷும் வைத்துத் தொழில் செய்த தலைமுறைக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஒரு காமிரா, அதற்கு ஒரு தோல் உறை, பத்துச் சுருள் பிலிம். பெரிய ஸ்டூடியோக்காரர் என்றால் ஸ்பாஞ்ச் வெட்டி வைத்த ஒரு சூட்கேஸ். அதை டாக்ஸியில் வைத்துக்கொண்டு வருவார்.

இப்போது மும்பையில் தொழில் செய்கிற நம்மவர்களுக்குச் சரிப்பட்டு வரும் ஏற்பாடு இதுதான்: பிரயாணத்துக்கு முதுகுப் பை, மண்டபத்துக்குள் இறங்கியதும் இடுப்பில் கட்டும் சிறிய பையோ, லேசான தோள் பையோ. சிறிய பையை மடித்துப் பெரிய பைக்குள்ளேயே வைத்துவிடலாம். முதுகுப் பை வாங்கும்போது இடுப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கினால் எடையில் கணிசமான பங்கு தோளிலிருந்து இறங்கிவிடும். வெறும் நாடாவாகத் தொங்கும் பட்டை பையை ஆடாமல் பிடிக்கும், எடையைத் தாங்காது. உள்ளே பஞ்சு வைத்து நான்கு விரல் அகலமாவது இருக்க வேண்டும்.

லோக்கல் ரயிலுக்கு ஏற்ற பை

அமெரிக்கக் கம்பெனிகள் மலையேறுகிறவர்களை மனத்தில் வைத்துப் பை தைக்கின்றன. எட்டரை மணிக்குக் குர்லாவில் ஏறுகிறவரை அவை அறியா. மலையைவிட அது கடினம்.

கூட்டத்தில் முதுகுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏற முடியாது. ஏறினாலும் பின்னால் நிற்பவர் திட்டாமல் விடமாட்டார். மார்புப் பக்கம் திருப்பி மாட்டிக்கொள்ள வேண்டும், அல்லது மேலே ராக்கில் ஏற்ற வேண்டும். ஆகவே பையின் கனம், அதாவது முதுகிலிருந்து வெளியே துருத்தும் அளவு, மிக முக்கியம். உயரம் இரண்டு அங்குலம் கூடினாலும் பாதகமில்லை, கனம் கூடக் கூடாது. ராக்கில் ஏற்ற, பையின் தலையில் உறுதியான கைப்பிடி வேண்டும். பக்கவாட்டிலும் ஒன்று இருந்தால் நல்லது. முகம் தெரியாத நாலு பேர் கைமாறித்தான் பை ராக்குக்குப் போகும். அவர்கள் எதைப் பிடித்துத் தூக்குவார்கள் என்று வாங்கும்போதே யோசிக்க வேண்டும். தொங்கும் நாடா, துருத்தும் பக்கிள் எல்லாம் அடுத்தவர் பையில் மாட்டிக்கொள்ளும். இறங்கும் ஸ்டேஷனில் ரயில் நிற்பதோ அரை நிமிஷம்.

ஜிப் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது அடுத்த விஷயம். சாதாரணப் பைகளின் வாய் வெளிப்பக்கம் இருக்கும். பின்னால் நிற்பவன் சத்தமில்லாமல் திறக்கலாம். முதுகோடு ஒட்டும் பக்கத்தில் வாய் இருக்கும் பைகளும் கிடைக்கின்றன. மாட்டியிருக்கும்வரை யாரும் திறக்க முடியாது. இன்னொரு லாபமும் உண்டு. மண்டபத்துத் தரையில் வைத்துத் திறக்கும்போது வெளிப்பக்கம்தான் தரையில் படும். பந்தி நடந்த இடத்துச் சாம்பார் உங்கள் சட்டைக்கு வராது.

கம்பெனிப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு திரியும் பை வேண்டவே வேண்டாம். 'உள்ளே காமிரா இருக்கிறது' என்று போர்டு மாட்டிய மாதிரி அது. இருபது வருஷமாகத் தொழில் செய்யும் சிலர் பை வாங்கியவுடன் முதல் வேலையாகப் பெயர்த்துண்டைப் பிளேடால் பிரித்துவிடுகிறார்கள். ஆபீஸ் குமாஸ்தாவின் லாப்டாப் பை மாதிரி தெரிந்தால் போதும்.

உள்ளே தொட்டுப் பாருங்கள்

கடையில் எல்லாப் பையும் புஷ்டியாகத் தெரியும். உள்ளே பேப்பர் திணித்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, தடுப்புப் பலகையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் அது தலையணை ஸ்பாஞ்ச். மெத்தென்று இருக்கும், அடிபடும்போது நசுங்கிவிடும். நாலைந்து மழைக்காலம் கண்டால் மஞ்சளாகிப் பொடிப் பொடியாக உதிரும். அந்தப் பொடி லென்ஸுக்குள் போவதும் உண்டு. செருப்பு அடிக்கு வைக்கும் ஈ.வி.ஏ. ஷீட் மாதிரி, அழுத்தினால் மெல்ல எதிர்த்து மீளும் நுரைதான் காமிராவுக்கு ஏற்றது. அது தண்ணீரையும் உறிஞ்சாது. அடிப்பாகத்தில் ஒரு விரல் கனம் இருக்க வேண்டும். பை கீழே வைக்கப்படுவது ஒரு நாளைக்கு ஐம்பது தடவை.

தடுப்புகள் வெல்க்ரோவில் ஒட்டி, இடம் மாற்றிக்கொள்ளக் கூடியவையாக இருக்கட்டும். பையின் வெளி மூடிக்கு வெல்க்ரோ வேண்டாம். கெட்டிமேளத்துக்கு முன் ஐயர் மந்திரம் சொல்லும் நிசப்தத்தில் 'பர்ர்' என்று பிரிகிற சத்தத்துக்கு மாமனார் முதல் வீடியோக்காரர் வரை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். காஞ்சிபுரம் பட்டு அதில் உரசினால் ஒரு இழை இழுத்துக்கொள்ளும். அந்தப் புடவையின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

உள் துணி வெளிர் நிறமாக இருப்பது நல்லது. சாம்பல், மஞ்சள், நீலம் எதுவானாலும் சரி. கருப்புக் காமிரா, கருப்பு மூடி, கருப்பு வயர் - கருப்புத் துணியில் கிடந்தால் இருட்டு மண்டபத்தில் கையால் துழாவ வேண்டியதுதான்.

ஜிப்பும் தையலும்

பை சாகும்போது பெரும்பாலும் முதலில் சாவது ஜிப். அதற்கு அடுத்தது வார் பிடித்திருக்கும் தையல். துணி கிழிந்து பை போனதாகக் கேள்விப்படுவது அபூர்வம்.

ஜிப்புக்கு நம்பர் உண்டு. மூடியபின் பல் வரிசையின் அகலம் சுமாராக எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் நம்பர். பென்சில் பைக்கு 3, சாதாரணக் கைப்பைக்கு 5. காமிராப் பையின் பெரிய வாய்க்கு 8 அல்லது 10 வேண்டும். சுருள் நைலான் ஜிப் வளைவுகளில் தடங்கலின்றி ஓடும். பல் விலகினாலும், ரன்னரை மாற்றினால் சில காலம் ஓட்டலாம். கடையில் ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். மூலையில் மாட்டுகிற ஜிப் அவசர வேளையில் கண்டிப்பாக மாட்டும்.

வார் பையோடு சேரும் இடத்தில் தையல் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாக ஓடியிருக்க வேண்டும். ஒற்றைக் கோடாக இருந்தால் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். வார் முனை பையின் மடிப்புத் தையலுக்குள் ஒரு அங்குலமாவது போயிருக்கிறதா என்று உட்புறம் தடவிப் பாருங்கள்.

துணியில் 600 டினியர், 1000 டினியர், 1680 டினியர் என்று சொல்வார்கள். நூலின் கனத்தைக் குறிக்கும் கணக்கு அது. நம்பர் பெரிதானால் நூல் தடிமன். ஆனால் அது பாலியெஸ்டரா, நைலானா என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே டினியரில் உராய்வைத் தாங்குவதில் நைலான் மேல். பழைய மாதிரி மெழுகு போட்ட கான்வாஸும் நன்றாக உழைக்கும், கொஞ்சம் கனம்தான்.

தோல் பை? பார்க்க ராஜா மாதிரி இருக்கும். மும்பை மழைக்கு அது ஆகாது. ஈரத்தைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். எடையும் அதிகம்.

சாயா குடிக்கிற நேரத்தில் பையை வாங்கிவிடக் கூடாது. சொந்தச் சாமான்களைக் கடைக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் உள்ளே வைத்து, மாட்டிக்கொண்டு கடை வாசலில் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். கடைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். பிரபல கம்பெனிகளின் பெயர் பொறித்த போலிப் பைகள் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. பெயரை நம்பாமல் ஜிப்பையும் தையலையும் நம்புகிறவர் ஏமாறுவது குறைவு.

மழையும் பூஞ்சையும்

2005 ஜூலை 26-ம் தேதியை மும்பைவாசிகள் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில்கள் நின்றன. இடுப்பளவுத் தண்ணீரில் ஜனங்கள் நடந்தே வீடு போனார்கள். அப்படிப்பட்ட நாளில் எந்தப் பையும் காப்பாற்றாது, தலையில் தூக்கிக்கொண்டு போகத் தோதான பை ஒன்றைத் தவிர. ஆனால் சாதாரண ஜூலை மழைக்கு வழி உண்டு.

'வாட்டர்புரூஃப்' என்று கடைக்காரர் சொன்னால் ஜிப்பைக் காட்டச் சொல்லுங்கள். துணி தண்ணீர் விடாமல் இருக்கலாம். தண்ணீர் நுழைவது ஜிப் வழியாகவும் தையல் ஓட்டை வழியாகவும். பையோடு வரும் மழை உறை அவசியம் வேண்டும். அது தனியே கழற்றக் கூடியதாக இருந்தால் காயவைக்கச் சௌகரியம். உறை போட்டாலும் முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கும். சட்டை வழியே வழியும் நீர் உறையின் அடியில் தேங்கும். அங்கே ஒரு சிறு துளை இருக்க வேண்டும். இதையெல்லாம் மீறி, லென்ஸ்களைத் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பவர்தான் கெட்டிக்காரர்.

மழையைவிட மோசமான எதிரி, மழை விட்டபின் வீட்டுக்குள் இருக்கும் ஈரம். மும்பையில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். நனைந்த பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அடுத்த முகூர்த்தம் வரை மறந்துபோனால், லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். ஆரம்பத்தில் துடைத்து எடுக்கலாம். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பை என்பது சாமானை எடுத்துப் போவதற்கு. அதிலேயே குடிவைப்பதற்கு அல்ல என்று ரிப்பேர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாமான்களை வெளியே எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்தால் போதும். ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை டப்பாவுக்குள் போட்டு வைக்கலாம். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. நீல நிற சிலிகா ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். சமையல் வாணலியில் மட்டும் வறுக்கக் கூடாது. அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு உடம்புக்கு ஆகாதது. பையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

சித்திரையிலும் வைகாசியிலும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிற போட்டோகிராபர் சாமானோடுதான் போகிறார். வி.டி.யில் (சி.எஸ்.எம்.டி. என்று பெயர் மாறி வருஷங்கள் ஆகியும் வாயில் வருவது வி.டி.தான்) நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒன்றரை நாள் பிரயாணம். இரண்டு இரவு தூங்கியாக வேண்டும்.

ரயிலில் நாம் கையோடு வைத்திருக்கும் சாமான் தொலைந்தால் ரயில்வே என்ன செய்யும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் 100-வது பிரிவின்படி, பதிவு செய்து ரசீது வாங்காத சாமானுக்கு ரயில்வே பொறுப்பல்ல. பிரயாணி தன் வசம் வைத்துள்ள சாமான் தொலைந்தால், ரயில்வே ஊழியரின் அசட்டையால்தான் அது நடந்தது என்று நிரூபித்தாக வேண்டும். 2023 ஜூனில் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், பிரயாணி தன் உடைமையைத் தானே காத்துக்கொள்ளத் தவறினால் அதை ரயில்வேயின் சேவைக் குறைபாடாகக் கருத முடியாது என்று சொல்லிவிட்டது. ஆகவே பொறுப்பு முழுவதும் பையின் மேலும் அதை வைத்திருப்பவர் மேலும்தான்.

கீழ்ப் படுக்கைக்கு அடியில் சங்கிலி மாட்ட இரும்பு வளையம் இருக்கும். பையின் தோள்வாரில் சங்கிலியை மாட்டினால் பிளேடு வைத்து அறுக்க ஒரு நொடி போதும். தலைக் கைப்பிடி, இரண்டு தோள்வார், ஜிப்பின் இரண்டு ரன்னர் எல்லாவற்றையும் கோத்து மாட்ட வேண்டும். ரன்னரில் பூட்டு நுழையும் துளை இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்க்க வேண்டும். மேல் படுக்கை கிடைத்தவர் பையைத் தலைமாட்டில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொள்வதே மேல். கார்டுகளை மட்டும் பையில் வைக்கவே கூடாது. சிறிய உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும்.

அதையும் மீறித் திருடு போனால் நடுவழியில் இறங்க வேண்டியதில்லை. டி.டி.இ.யிடமோ கார்டிடமோ உடன் வரும் ரயில்வே போலீசாரிடமோ புகார்ப் படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். 139 எண்ணுக்கும் போன் செய்யலாம். அப்போது முதலில் கேட்பது காமிரா, லென்ஸ் ஒவ்வொன்றின் சீரியல் நம்பர். அதை எழுதிய தாள் பைக்குள்ளேயே இருந்தால் என்ன பிரயோசனம்?

விமானத்தில் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்பில் கைச்சாமான் பொதுவாக 7 கிலோதான். மாற்று லித்தியம் பாட்டரிகளைச் சரக்கில் போடக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியை ஆசைப்பட்டு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெலிகன் கம்பெனியின் கைச்சாமான் அளவுப் பெட்டி உள் நுரையோடு வெறுமையாகவே சுமார் ஆறு கிலோ. மிச்சம் ஒரு கிலோவில் என்ன காமிராவை வைப்பது?

தாராவியில் தைக்கலாம்

இத்தனை குணமும் உள்ள வெளிநாட்டுப் பை இருபதாயிரம் ரூபாயைத் தொடும். எல்லாராலும் முடியாது. மும்பைத் தமிழர்களுக்கு இதற்கு வழி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தாராவியின் தோல் தொழிலைத் தொடங்கி வளர்த்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். தோல் பதனிடும் வேலை பெரும்பாலும் நகருக்கு வெளியே போய்விட்டது. பை தைக்கும் கூடங்கள் இன்னும் இருக்கின்றன. இன்று மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பீகார், உத்தரப் பிரதேசக்காரர்களும் ஏராளம். லாப்டாப் பை, ஸ்கூல் பை, டிராவல் பை என்று மொத்த ஆர்டர் எடுக்கும் இந்தக் கூடங்களில், சொன்னால் ஒற்றைப் பையும் தைத்துத் தருகிறவர்கள் உண்டு.

ஆம்பூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் கூடத்தில், மேலே சொன்ன அந்தத் திருநெல்வேலி இளைஞர் தமக்கு ஒரு பை தைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாய், வெளியில நாலு பாக்கெட் வச்சுக் குடுங்க."

"எதுக்குத் தம்பி? ரயில்ல கூட நிக்கிறவன் கைய விட்டு எடுக்கவா? ஒண்ணு போதும். அதையும் முதுகுப் பக்கம் வைக்கிறேன். நீ சாமானைக் கொண்டா, அளவு எடுக்கணும்."

"அளவு எழுதிக் கொண்டாந்திருக்கேன், பாய்."

"எழுதின அளவுல பை தச்சா ஜிப்பு மூடாது. சாமானைக் கொண்டா."

பெரியவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு, காமிராவின் தோள்வார், விரல் நுழைய வேண்டிய இடைவெளி எதுவும் கம்பெனி அச்சிட்ட அளவில் வராது.

முழுப் பை தைக்காமல் இன்னொரு வழியும் உண்டு. நன்றாக உழைக்கும் ஒரு சாதாரண முதுகுப் பையை வாங்கி, அதற்குள் கச்சிதமாக உட்கார, நுரைத் தடுப்புகள் வைத்த ஒரு பெட்டி மட்டும் தைத்துக்கொள்வது. செலவு மிகக் குறைவு. வெளியே பார்த்தால் சாதாரணப் பை. வெளிப்பை கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். லீவு நாளில் பெட்டியை எடுத்துவிட்டு அதே பையில் காய்கறி வாங்கி வரலாம். தைக்கக் கொடுக்கும்போது ஈ.வி.ஏ. ஷீட்டின் கனம், 8-ம் நம்பர் ஜிப், வார் மூட்டில் சதுரத் தையல் இந்த மூன்றையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். நுரையை மட்டும் தாமே வாங்கிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. தைப்பவர் கையில் இருக்கும் மலிவு ஸ்பாஞ்சு உள்ளே போய்விட்டால் வெளியே தெரியாது.

ஆடி மாதம் இதற்குத் தோதான காலம். முகூர்த்தம் இல்லாததால் சாமானை இரண்டு மூன்று நாள் பிரிந்திருக்கலாம். பழைய பையைக் காலி செய்து, அடிப் பஞ்சை அழுத்திப் பார்த்து, வார்த் தையலை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். மழை பெய்து கொண்டிருக்கும் என்பதால் தைக்கும் கூடத்துக்குச் சாமானைக் கொண்டுபோகும்போது ஒவ்வொன்றையும் தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆவணி பிறந்தால் தீபாவளிப் பை என்று மொத்த ஆர்டர்கள் வந்து சேரும். ஒற்றைப் பை ஆசாமி காத்திருக்க வேண்டியதுதான்.